ஈமுவும் எட்டாம் வகுப்புக் கணக்கும்: கால்நடையைப் பள்ளியில் எப்படிக் கற்பிப்பது?

“நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த வசவைக் கேட்காமல் படித்து முடித்தவர்கள் குறைவு. வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்லித் திட்டிய அதே ஆசிரியர் அடுத்த மணியில் கரும்பலகையில் பசுவை வரைந்து, “பசுவின் பயன்கள் யாவை?” என்று கேட்பார். பால், தயிர், சாணம், எரு என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கையில் சாண வாசனையோடு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகளும், 99 லட்சம் வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. கோழியினம் மட்டும் 12 கோடிக்கு மேல். அதில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இத்தனை பெரிய தொழில் வகுப்பறைக்குள் நுழையும்போது ஏன் ஒரு படமாகவும் நான்கு பயன்களாகவும் சுருங்கிப் போகிறது? அதை விரித்துக் காட்ட இதுவரை யார் யார் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள், எது தேறியது, எது தேறவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் இருப்பதைப் பார்த்துவிடுவோம். தொடக்க வகுப்புகளைக் குறை சொல்ல முடியாது. 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலிலும், 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் முகமூடி, பொம்மலாட்டம், ஒலி எழுப்பிக் கண்டுபிடித்தல், வீட்டு விலங்கு – காட்டு விலங்கு எனப் படஅட்டை பிரித்தல் என்று விளையாட்டுக்குக் குறைவில்லை. மேல்வகுப்புகளில் 9ஆம் வகுப்பு அறிவியலில் ‘பொருளாதார உயிரியல்’ வருகிறது. 11ஆம் வகுப்பு விலங்கியலில் மண்புழு, பட்டுப்புழு, தேனீ, அரக்குப்பூச்சி வளர்ப்பெல்லாம் தனிப் பாடமாகவே உண்டு. இடையில்தான் பள்ளம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, அதாவது பிள்ளை வீட்டு ஆட்டைத் தானே ஓட்டிக்கொண்டு போய் மேய்க்கும் வயதில், பாடம் அதிகம் வாய் திறப்பதில்லை. பேசுகிற இடத்திலும் மூன்று கேள்விகள் விடுபட்டுப் போகின்றன: இது என்ன தின்கிறது, அதற்கு என்ன செலவு, கடைசியில் இது என்ன ஆகிறது?

இந்த மூன்றையும் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி புதிதல்ல. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. காந்தியோடு நின்ற தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா கிராமத் தொழில்களுக்குப் பொருளாதார இலக்கணமே எழுதினார். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் ஆதாரப் பள்ளி என்றாலே ஏழைப் பிள்ளைகளின் பள்ளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் தறியையும் மண்வெட்டியையும் விட்டு ஓடவே பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1902இல் ஓஹையோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். பின்னாளில் அது ‘ஃபோர்-எச்’ இயக்கமானது. அதில் சேரும் பிள்ளை ஒரு கன்றையோ பன்றிக்குட்டியையோ முயலையோ வாங்கி வளர்க்கும். முடிவில் மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும். பலருக்கு அங்கேயே ஏலம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பரிசு ரிப்பன்தான் தெரியும். உண்மையான பாடம் பிள்ளை எழுதி வைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. தீவனம் எத்தனை கிலோ, என்ன விலை, இந்த வாரம் எடை எவ்வளவு, விற்றது எவ்வளவுக்கு, மிச்சம் என்ன. 1981இல் அமெரிக்க வேளாண் துறை ‘வகுப்பறையில் வேளாண்மை’ என்ற திட்டத்தைத் தொடங்கிப் பண்ணை இல்லாத நகரத்துப் பள்ளிகளுக்கும் பாடத்தை எடுத்துச் சென்றது. நல்ல முயற்சிதான். ஆனால் பண்ணைத் தொழிலுக்கு விளம்பரம் எங்கே முடிகிறது, பாடம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இத்தகைய திட்டங்களை விட்டு விலகுவதில்லை.

நம் ஊர்ப் பள்ளிக்குப் பண்ணை தேவையில்லை. ஒரு ஆடு போதும். தையற்கடை அளவு நாடா ஒன்று, ஒரு நோட்டு, ஆட்டைப் பிடித்துக்கொள்ள அதை வளர்க்கும் பிள்ளை. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடிக்க வேண்டும். தோள் முனையிலிருந்து இடுப்பெலும்பின் முனை வரை நீளம் பார்க்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் கிடைத்துவிடும்; அளவு அங்குலத்தில் இருக்க வேண்டும். சுற்றளவு 28, நீளம் 26 என்றால் 784 பெருக்கல் 26, அதாவது 20,384; வகுத்தால் ஏறக்குறைய 31 கிலோ. பிறகு ஆட்டைத் தராசில் நிறுத்திப் பார்க்கட்டும். இரண்டு கிலோ முன்னே பின்னே வரும். ஏன் வந்தது என்று பேசுவதில்தான் பாடமே இருக்கிறது: காலையில் வயிறு முட்ட மேய்ந்ததா, சினையாட்டா, நாடா தளர்ந்திருந்ததா? எட்டாம் வகுப்பின் வர்க்கமும் பெருக்கலும் இதைவிட நன்றாக எங்கும் பிடிபடாது.

அதோடு பல் பார்க்கலாம். பால்பல் மட்டும் இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி. முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றரை வயதை ஒட்டியது. நான்கு பல், ஆறு பல், பிறகு எட்டுப் பல்லும் சேர்ந்து கடைசேர்ந்த ஆடு. சந்தையில் வியாபாரி கட்டைவிரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான். வகுப்பில் அன்றைக்கு ஆசிரியர் யாரென்றால், அந்தப் பின்பெஞ்சுப் பையன். கன்னி ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும் வித்தியாசம், மேச்சேரிச் செம்மறிக்கு எங்கே சொந்த ஊர், கிடை போட்ட வயலுக்கு ஏன் உரம் குறைவாகப் போதும் என்பதெல்லாம் அவன் சொல்லக் கேட்க வேண்டியவை. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு நடந்து போகும் வழியையும், அறுவடை முடிந்த வயல் வயலாக மாவட்டம் தாண்டிப் போகும் மேய்ச்சல் வாத்துக் கூட்டத்தின் வழியையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னால், அது அந்த ஆண்டின் ஆகச் சிறந்த புவியியல் வகுப்பாக இருக்கும்.

பால் பாடத்தைக் கூட்டுறவுச் சங்கத்தின் பால் அட்டையிலிருந்து தொடங்கலாம். இரண்டு வீட்டில் அதே அளவு பால் ஊற்றியும் ஏன் வேறு வேறு பணம் வந்தது என்று கேட்டால், கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் தாமாகவே வந்து நிற்கும். லாக்டோமீட்டரைத் தண்ணீர் கலந்த பாலில் மிதக்கவிட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

முட்டைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சத்துணவில் 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. தட்டில் இருக்கும் முட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் நாமக்கல் என்று சில பிள்ளைகளே சொல்லிவிடும். அடுத்த கேள்விக்கு இருட்டறை வேண்டும்: ஓர் அட்டைப்பெட்டியில் முட்டை உட்காரும் அளவு ஓட்டை போட்டு, உள்ளே டார்ச் விளக்கை வைத்து, அடையில் ஏழு நாள் இருந்த நாட்டுக்கோழி முட்டையை அதன் மேல் நிறுத்துங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போல் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் கருவில்லை, கூமுட்டையாகத்தான் போகும். பக்கத்திலேயே சத்துணவு முட்டை ஒன்றையும் வைத்துப் பாருங்கள். அதில் கரு இருக்காது. அந்தப் பண்ணையில் சேவலே கிடையாது. “அப்ப இது குஞ்சு இல்லையா சார்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

இங்கிருந்து பல நாட்டுப் பள்ளிகள் ஒரு படி மேலே போய் இன்குபேட்டர் வாங்கி வகுப்பிலேயே குஞ்சு பொரிக்கின்றன. பார்க்க அழகுதான்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கிலாந்தின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வும் இதை ஊக்குவிப்பதில்லை. பொரித்த குஞ்சு எங்கே போகும் என்பதற்குப் பதில் இல்லாமல் பொரிப்பது விளையாட்டுச் சாமான் வாங்குவதற்குச் சமம். பாதிக்குப் பாதி சேவலாக இருக்கும். முட்டைப் பண்ணைக்குச் சேவல் வேண்டாம். திருவிழாவில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசி விற்கும் கலர் கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் அப்படி ஒதுக்கப்பட்ட சேவல்கள்தாம். ஜெர்மனி 2022 முதல் சேவல் குஞ்சுகளைப் பிறந்தவுடன் கொல்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்குபவர்கள், அந்தப் பிள்ளைகள்தாம் கலர் குஞ்சை வாங்கி இரண்டு நாளில் குப்பைமேட்டில் புதைத்தவர்கள் என்பதை யோசிக்க வேண்டும். அடைகாத்தலைக் காட்ட வேண்டுமானால் ஊரில் அடையில் கிடக்கும் கோழியைத் தூர நின்று பார்த்தாலே போதும்.

கடைசியில் என்ன ஆகிறது என்ற மூன்றாவது கேள்வியை நேராகச் சந்தித்த இரண்டு பள்ளிகளைச் சொல்ல வேண்டும். 1990இல் ஜப்பானில் ஒசாகா மாகாணத்தின் நோசே என்ற ஊரில் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் குரோடா யாசுஃபுமி, வளர்த்துத் தின்பதற்கென்றே ஒரு பன்றிக்குட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்தார். 32 பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்தார்கள், கொட்டில் கட்டினார்கள், சுமார் 900 நாள் வளர்த்தார்கள். பள்ளியை விட்டுப் போகும் நேரத்தில், கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதா, இறைச்சிக் கூடத்துக்கு அனுப்புவதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. முடிவு ஆசிரியர் தலையில் விழுந்தது; பன்றி இறைச்சிக் கூடத்துக்குப் போனது. 2008இல் இது திரைப்படமாகவும் வந்தது. 2021இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் லிட் என்ற ஊர்த் தொடக்கப் பள்ளி வளர்த்த மார்கஸ் என்ற ஆட்டுக்கிடாவின் கதை இன்னும் காரமானது. மாணவர் மன்றம் 13க்கு 1 என்று வாக்களித்து அதை அறுப்புக்கு அனுப்பத் தீர்மானித்தது. வெளியுலகம் கொதித்தது; ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்; பள்ளிக்கு மிரட்டல்கூட வந்தது. பிள்ளைகள் முடிவை மாற்றவில்லை.

இந்த இரண்டில் எதையும் நம் பள்ளிகள் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாவைத் தம்பி போல வளர்த்து, அதன் கறியைத் தின்ன மாட்டேன் என்று அழுது, பிறகு தின்ற பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஒசாகாவின் வாதமோ லிட் பள்ளியின் வாக்கெடுப்போ தேவையில்லை. பேச இடம் கொடுத்தாலே போதும். பாடநூலின் மௌனம் ஒரு பக்கச் சார்பும் கொண்டது: பசுவுக்குப் படம் உண்டு, பன்றிக்குப் பெரும்பாலும் இல்லை, தோலும் செருப்பும் உண்டு, அதை உரித்தவர் இல்லை. பன்றி வளர்க்கும் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் தன் வீட்டுத் தொழிலைச் சொல்லத் துணியுமா என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்துக்கொண்டுதான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

இனி அபூர்வ வளர்ப்பு விலங்குகள். ஆங்கிலப் பள்ளிகளுக்கென்று அச்சிடும் செயல்தாள்களில் நெருப்புக்கோழி, அல்பாக்கா, ஈமு என்று படம் போட்டு, நாட்டோடு பொருத்துக என்பார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள், அத்தோடு சரி. என் வாதம் இதுதான்: அபூர்வ விலங்கை வியக்க வைக்கக் கொண்டுவராதீர்கள், கணக்குப் போடக் கொண்டுவாருங்கள். பசுவுக்குச் சந்தை இருப்பது நமக்குப் பழகிப் போனதால் கண்ணில் படுவதில்லை. இதை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி பழக்கமில்லாத விலங்கிடம்தான் பளிச்சென்று எழும்.

தமிழ்நாட்டுக்கு இதில் வெளியூர் உதாரணம் வேண்டாம். ஆஸ்திரேலியப் பறவையான ஈமு 1990களில் இந்தியாவுக்கு வந்தது. 2010ஐ ஒட்டிப் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு நிறுவனங்கள் முளைத்தன. திரைக் கலைஞர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். அதிகம் பேசப்பட்ட திட்டம் இது: ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், கொட்டகை நிறுவனத்தின் பொறுப்பு, மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்கு 20,000 போனஸ், இரண்டு ஆண்டு முடிந்தால் முதலும் திரும்பும். 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. பணம் போட்டவர்கள் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். தீனியில்லாமல் பறவைகள் செத்தன. கால்நடைத் துறை போய்த் தீனி போட வேண்டியதாயிற்று. வழக்குகள் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடந்தன.

இப்போது எட்டாம் வகுப்பிடம் கொடுங்கள். மாதம் 6,000 என்றால் இரண்டு ஆண்டுக்கு 1,44,000; போனஸ் 40,000; மொத்தம் 1,84,000. கட்டிய முதலை அப்படியே பூட்டி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இந்த 1,84,000 அந்த ஆறு பறவைகளிடமிருந்துதான் வர வேண்டும். பறவைக்கு 30,666 ரூபாய். ஒரு ஈமு 45 கிலோ தேறினால் உயிர் எடையில் கிலோவுக்கு 680 ரூபாய்க்கு மேல். தீவனச் செலவு இதில் இன்னும் சேரவில்லை. ஈமு முட்டையிடத் தொடங்கவே ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதுவும் குளிர்காலத்தில் மட்டும். அப்படியானால் முதல் மாதத்து 6,000 எங்கிருந்து வந்தது? அடுத்து வந்து பணம் கட்டியவரிடமிருந்து என்று பதிமூன்று வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஆண் ஈமு ஐம்பது நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் தின்னாமல் அந்தக் கரும்பச்சை முட்டைகளை அடைகாக்கும் என்ற செய்தியையும் சொல்லுங்கள், அது அழகான செய்தி. ஆனால் கணக்கை முதலில் சொல்லுங்கள்.

உலகில் இந்த ஏற்றமும் சரிவும் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஊட்ஸ்ஹோர்ன் ஊரில் நெருப்புக்கோழி இறகு விற்றே மாளிகை கட்டினார்கள். 1914இல் சந்தை விழுந்தது. ஐரோப்பியப் பெண்கள் இறகுத் தொப்பியை விட்டதற்குத் திறந்த மோட்டார் காரும் உலகப் போரும் காரணம். அமெரிக்காவில் 1990களில் ஈமு ஜோடிகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றுப் பிறகு விலையின்றிப் போயின. அல்பாக்கா விலை கம்பளியின் மதிப்பால் அல்ல, அடுத்த வளர்ப்பாளரின் ஆசையால் ஏறுகிறது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் எச்சரித்தார்கள். அதுவும் அப்படியே நடந்தது.

அபூர்வம் எல்லாம் மோசடி என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாது. ஜப்பானியக் காடை நம் கண்ணெதிரில் நிலைத்த வெற்றி. 17, 18 நாளில் பொரிக்கிறது, ஏழாவது வாரத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்குகிறது, ஐந்து காடை முட்டை ஒரு கோழி முட்டை எடைக்கு வரும். சிறிய இடம், வேகமான பணம், ஊர்தோறும் காடை வறுவல் வாங்க ஆள். முயலுக்குக் கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய ஆராய்ச்சி மையமே இருக்கிறது. முப்பது நாளில் ஈனுகிறது, ஒரு ஈற்றுக்கு ஆறு, ஏழு குட்டி. இருந்தும் சமவெளியில் முயல் பண்ணைகள் தொடங்கிய வேகத்தில் மூடின. வெயில் ஒரு காரணம், கறிக்கடையில் கேட்பார் இல்லாதது இன்னொன்று. காடையையும் முயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று ஏன் நிலைத்தது, மற்றது ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பது நல்ல குழு விவாதம்.

இந்தியாவுக்குள்ளேயே இன்னும் விரிக்கலாம். நாகாலாந்து, அருணாசலத்து மிதுன் காட்டில் மேய்ந்து, உப்புக்காக வீட்டாரிடம் வரும் மாடு. 2019இல் சுமார் 3.9 லட்சம், எண்ணிக்கை ஏறுகிறது. ஒட்டகம் 2.5 லட்சமாக இறங்கியது, ஏழு ஆண்டில் 37 சதவீதச் சரிவு. கழுதை இன்னும் மோசம், 61 சதவீதம். ராஜஸ்தான் 2015இல் ஒட்டகத்தை அறுக்கத் தடை போட்டது, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு வைத்தது. அதனால் வாங்க ஆளில்லாமல் வளர்ப்பதையே விடுகிறோம் என்கிறார்கள் ரைக்கா சமூகத்து ஒட்டகக்காரர்கள். காப்பாற்றப் போட்ட சட்டம் காப்பாற்றியதா என்பது பத்தாம் வகுப்பு சமூக அறிவியலுக்குத் தகுந்த வாதம்.

வகுப்பிலேயே உயிரோடு வளர்க்க வேண்டும் என்றால் என் தேர்வு பட்டுப்புழு. ஒரு மூங்கில் தட்டு, மல்பெரி இலை, சுமார் இருபத்தைந்து நாள், நான்கு தோலுரிப்பு. கடிக்காது, கத்தாது, பறவைக் காய்ச்சல் பயமில்லை. கூடு கட்டியதும் பட்டு வேண்டுமா, அந்துப்பூச்சி வேண்டுமா என்ற கேள்வி வரும். நூல் அறாமல் வேண்டுமென்றால் கூட்டுப்புழுவைக் கொதிநீரில் கொல்ல வேண்டும். ஓசூர், தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுச் சங்கதி. கிளி, நட்சத்திர ஆமை, காட்டுக் காடை பக்கம் மட்டும் போகக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பள்ளிக்கு விலக்கு தருவதில்லை. எந்த விலங்கைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சோற்றுத் தட்டு.

21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதில் நாட்டினங்களைப் பெயர் பெயராக எண்ணினார்கள். ஆசிரியர்கள் இந்தப் பருவத்திலேயே தங்கள் பள்ளி இருக்கும் தெருவில் ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம்: எந்த வீட்டில் என்ன இனம், எத்தனை, தீவனம் எங்கிருந்து, விற்பது எங்கே. சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டும், தெருவில் இறங்கி நடக்கத் தலைமையாசிரியரின் அனுமதியும்தான்.